எலும்போடு வேண்டும்

கையில் தூக்குச்சட்டியோடு ஒரு பெண் ஸ்டூடியோவுக்குள் வந்தால் அவள் படம் எடுக்க வந்தவளாக இருக்க முடியாது. அதுகூடத் தோன்றாமல் ஸ்டூடியோக்காரர், "தனியாவா, குடும்பத்தோடவாம்மா?" என்று கேட்டுத் தொலைத்தார். அவள் மாடியைப் பார்த்தாள். "மெதுவார் இருக்காரா?" என்று மட்டும் கேட்டாள்.

மெதுவார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. போலீஸில் இருந்த காலத்தில் எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே ஒட்டிக்கொண்ட பெயர். ஓய்வு பெற்ற பிறகு மச்சான் ஸ்டூடியோவின் மாடி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தலைபோகிற சிக்கல் வந்தவர்கள் அந்தப் படி ஏறுவார்கள். மச்சானான ஸ்டூடியோக்காரருக்கோ எதிலும் அவசரம். கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழும். பாதிக்கு மேல் தப்பாக இருக்கும். அதற்காக மனுஷன் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

அவள் உட்கார்ந்தாள். தூக்குச்சட்டியைக் காலருகே வைத்துக்கொண்டாள். மூடி இடுக்கில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். அவளுடைய அப்பா ஒரு தச்சர். வருகிற வெள்ளிக்கிழமை விடிகாலையில் அவரைத் தூக்கில் போடப் போகிறார்கள்.

விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். மரக்கடைக்காரர் என்று ஒருவர், தனிக்கட்டை. இரண்டு வருஷத்துக்கு முன்பு, சொந்த வீட்டில், சாப்பாட்டு மேஜையிலேயே மண்டையில் அடிபட்டுச் செத்துப்போனார். அடித்தது கொட்டாப்புளியால், உளி தட்டுகிற மரச்சுத்தியல் அது, தச்சர் பட்டறையைச் சேர்ந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார் கூப்பிட, போலீஸ் வந்தபோது எதிர் நாற்காலியில் தச்சர் உட்கார்ந்திருந்தார். "நான்தான்" என்றார். ஏதோ பழைய வேலைத் தகராறு என்றார். அதற்கு மேல் கோர்ட்டிலும் வாய் திறக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டவனை யார் குடைந்து கேட்கப் போகிறார்கள்? கருணை மனுவும் திரும்பி வந்துவிட்டது.

"அன்னைக்குத்தான் சார் எனக்குப் பொண்ணு பொறந்தா. பேத்தியை முதல்ல பார்த்தது அப்பாதான். மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டு வரேன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து ஓடினார். கொஞ்ச நேரத்துல குழந்தை விஷயம் தெரிஞ்சு என் வீட்டுக்காரர் வந்துட்டார். அப்பா வரவேயில்லை."

அழுது தீர்த்துவிட்ட குரல். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள். கடைசி நாள் சாயங்காலம் என்ன சாப்பிட வேண்டும் என்று சிறையில் முன்கூட்டியே கேட்பார்களாம். கேட்டதைக் கொடுப்பார்களாம். வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுபோனாலும் சரியாம். ஒருத்தர் இனிப்புக் கேட்பார், ஒருத்தர் வெறும் சிகரெட் போதும் என்பார். தச்சர் கேட்டது ஆட்டு நல்லி எலும்பு. உடைக்காமல், முழுசாக, எலும்போடு வேண்டும் என்று அழுத்திச் சொல்லியிருக்கிறார்.

"அதிலென்னம்மா? ஆசைப்பட்டிருப்பார்," என்றார் ஸ்டூடியோக்காரர்.

"அப்பாவுக்கு முன்னாடி நாலு பல் இருக்கு சார், நாலு பேர் பார்க்கறதுக்கு. உள்ளே ஒண்ணும் கிடையாது. என் கல்யாணத்துக்கு முன்னாடியே எல்லாம் போச்சு. ரொட்டியைப் பால்ல ஊறவெச்சுத்தான் கொடுப்பேன். வெளியில யாருக்கும் தெரியக்கூடாதுன்னு வாயைக் கையால மறைச்சுக்கிட்டுத்தான் பேசுவார். அவர் போய் எலும்பைக் கேட்டிருக்கார்."

இருந்தாலும் கேட்டுவிட்டாரே என்று மனசு கேட்காமல் சமைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். முன்கூட்டியே ஒரு வாய் கொடுக்க விடமாட்டார்களா என்ற நப்பாசை. வாசலிலேயே மூடியைத் திறந்து பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தூக்குக் கைதி அறைக்குள் எலும்பு போகக்கூடாதாம்.

ஸ்டூடியோக்காரர் துள்ளி எழுந்தார். "புரிஞ்சுபோச்சு அத்தான். எலும்பை உடைச்சுக் கூராக்கி, தன்னைத்தானே முடிச்சுக்கப் பார்க்கறார்."

"மெதுவா. வெள்ளிக்கிழமை போகப்போற மனுஷன் வியாழக்கிழமை சாயங்காலம் எதுக்கு அவசரப்படணும்?"

ஸ்டூடியோக்காரர் உட்கார்ந்தார். மெதுவார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் கேள்வி வருகிறது என்று அர்த்தம். எலும்பு கேட்பதற்கு முன்னால் அப்பாவிடம் புதிதாக ஏதாவது சொன்னாயா என்று கேட்டார். அவள் யோசித்தாள். ஆமாம், சொன்னாள். புது வக்கீல் ஒருத்தர் கிடைத்திருக்கிறார். அன்றைக்கு மேஜையில் இரண்டு தட்டு இருந்தது, அந்த இரண்டாவது தட்டை யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை, போலீஸ் எடுத்த படத்தைக் கேட்டு வாங்கப் போகிறேன் என்று அவர் சொன்னாராம். அந்த நம்பிக்கையை அப்பாவிடம் கொட்டியிருக்கிறாள். அவர் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள்தான் எலும்பு வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

மெதுவார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஒண்ணு கேட்கறேன்மா. உங்கப்பா செய்யலைன்னா வேற யாரோ செஞ்சிருக்கணும். அவங்களை நான் கண்டுபிடிச்சா, அப்பா நிக்கற இடத்துல அவங்க போய் நிப்பாங்க. அவங்களுக்கும் வீடு வாசல் இருக்கும். சம்மதமா?"

"யாரா இருந்தாலும் இருக்கட்டும் சார். எனக்கு அப்பா வேணும்."

அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் சொன்னதில் கொஞ்சம்கூடத் தயக்கம் இல்லை. பின்னாளில் ஸ்டூடியோக்காரருக்கு அதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

அன்றைக்கே இரண்டு பேரும் சிறைக்குப் போனார்கள். ஸ்டூடியோக்காரருக்குச் சிறைச்சாலை என்றாலே பயம். ஒரு தப்பும் செய்யாதவர், இருந்தாலும் அந்தப் பெரிய கதவு பின்னால் சாத்தப்பட்டதும் மெதுவாரை ஒட்டியே நடந்தார். தூக்குக் கைதிகள் வரிசைக்குப் பொறுப்பான வார்டர் மெதுவாருக்குப் பழக்கமானவர், வாய் ஓயாத ஆள். எலும்பு விஷயத்தைக் கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டார்.

இந்த வரிசைக்குள் எலும்பு, முள், பழக்கொட்டை, இரும்புக் கரண்டி எதுவும் வராது. கடைசிச் சாப்பாடும் அப்படித்தான். கறி கேட்டால் கறி வரும், எலும்பை உருவிவிட்டு. போன வருஷம் தச்சருக்கு அடுத்த அறையில் இருந்தவன் முழு மீன் பொரித்துக் கேட்டான். சமையல்கட்டில் முள்ளெல்லாம் எடுத்ததில் பிசைந்த மாவு மாதிரி வந்து சேர்ந்தது. தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, சாகப்போகிறவனுக்கு ஒரு முழு மீன் கிடையாதா என்று அவன் போட்ட சத்தம் வரிசை பூராவும் கேட்டதாம்.

"அப்ப தச்சருக்கும் கேட்டிருக்கும்," என்றார் மெதுவார்.

"கேட்காம? அவனை அமைதிப்படுத்தினதே தச்சர்தான் சார்."

மெதுவார் தலையாட்டிக்கொண்டார். ஸ்டூடியோக்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கிடைக்காது என்று தெரிந்த பொருளை ஒருத்தர் எதற்குக் கேட்க வேண்டும்? கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று நினைத்தார். நல்லவேளை, அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

தச்சர் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். உயரமான மனிதர், தோள் இறங்கிப்போயிருந்தது. மகள் அனுப்பினாள் என்றதும் முகம் மாறியது. என்னை நிம்மதியாகப் போகவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மெதுவார் வழக்கைப் பற்றிப் பேசவேயில்லை. குழந்தை பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி எங்கே போனீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"நேரா மரக்கடைக்காரர் வீட்டுக்கு. வழியில எங்கேயும் நிக்கலை. ஒருத்தரையும் பார்க்கலை." பாடம் ஒப்பிப்பது போல் சொன்னார். "ரெண்டு பேரும் சாப்பிட்டோம். எலும்பெல்லாம் நல்லாக் கடிச்சுச் சாப்பிட்டேன். அப்புறம் பேச்சு முத்திப்போச்சு. அடிச்சுட்டேன். எழுதிக்கங்க."

பேசும்போதெல்லாம் வலது கை வாயை மறைத்தபடியே இருந்தது. அவர் உள்ளே போன பிறகு மெதுவார் சொன்னார்: "என்ன சாப்பிட்டீங்கன்னு நான் கேட்கவேயில்லை, கவனிச்சியா?"

திரும்பும் வழியில் மகள் வீட்டுக்குப் போனார்கள். பட்டறையை ஒட்டிய சின்ன வீடு. முன்னறையில் தையல் இயந்திரம், அதைச் சுற்றி வெட்டின நீலத் துணிகள். இரண்டு வயதை எட்டப்போகிற பெண் குழந்தை இயந்திரத்தின் மிதியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. மகளின் கணவன் அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தான். மாமனார் பட்டறையை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான். முப்பது வயசு ஆளுக்குக் கண்ணைச் சுற்றிக் கருவளையம். மரியாதையாக எழுந்து நின்றான், நாற்காலியைத் துடைத்துப் போட்டான், மாமாவுக்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டான். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பட்டறைப் பக்கம் போய்விட்டான்.

மகள் தண்ணீர் கொடுத்தாள். அப்பாவுக்குச் சமைத்தது திரும்பி வந்துவிட்டது, கொட்ட மனசு வரவில்லை, இவருக்குப் போட்டேன் என்றாள். பின்வாசலில் கழுவக் கிடந்தது சாப்பிட்ட தட்டு. தெருநாய் ஒன்று வந்து அதை எட்டிப் பார்த்துவிட்டு, அலுப்போடு திரும்பிப் போனது. இத்தனை நாளில் முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"எங்க வீட்டு எலும்பை நாய்கூட மோந்து பார்க்காது சார். இவர் கடிச்சு உறிஞ்சினப்புறம் அதுல என்ன இருக்கும்?"

ஸ்டூடியோக்காரரும் சிரித்தார். இரண்டாகப் பிளந்து வெளுத்த எலும்புகள் தட்டின் ஓரத்தில் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அறுத்த பலகையைக் காற்றாட அடுக்குகிற மாதிரி. "தொழில் தட்டுல கூட விடலை பாரு," என்று கேலி செய்தார். மெதுவார் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் வக்கீல் போலீஸ் படத்தின் நெகட்டிவை வாங்கி அனுப்பியிருந்தார். கோர்ட்டில் வைத்த படம் உள்ளங்கை அகலம்தான், அதில் தட்டு ஒரு பொட்டு மாதிரித் தெரியும். ஸ்டூடியோக்காரர் இருட்டறைக்குள் போய், மேஜையை மட்டும் பெரிதாக்கித் தாளில் விழச்செய்து, மருந்துத் தட்டில் அமிழ்த்தினார். இது அவர் ராஜ்ஜியம். இங்கே மட்டும் அவருக்கு அவசரமே கிடையாது.

சிவப்பு விளக்கில் தாள் மெல்லக் கறுத்தது. முதலில் மேஜை விளிம்பு. பிறகு மரக்கடைக்காரர் தட்டு, அதில் கறி ஒட்டிய எலும்புகள் தாறுமாறாக. பிறகு இரண்டாவது தட்டு. எலும்புகள் ஒவ்வொன்றும் நீளவாக்கில் பிளந்திருந்தன. உள்ளே மஜ்ஜை ஒரு துளி இல்லை. பல்லில்லாத தச்சர் ஏழு ஜென்மம் எடுத்தாலும் இதைச் செய்திருக்க முடியாது. பிடித்தோமடா என்று ஸ்டூடியோக்காரர் கத்த வாயெடுத்தார்.

அதற்குள் தாள் இன்னும் கொஞ்சம் கறுத்தது. தட்டின் ஓரத்தில் குறுக்கே இரண்டு. நெடுக்கே இரண்டு. மறுபடி குறுக்கே இரண்டு.

அவர் தாளை மருந்திலிருந்து எடுக்கவும் மறந்து நின்றார். ஈரப் படத்தோடு மாடி ஏறினபோது மெதுவார் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார், படத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அத்தான், இதை வெளியில சொல்லணுமா? அந்தப் பொண்ணு..."

"அதுக்குத்தான் முதல்லயே கேட்டேன்," என்றார் மெதுவார். "அவ சம்மதம்னுட்டா. அது என்னன்னு தெரியாமச் சொன்ன சம்மதம். இருந்தாலும், செய்யாதவனைத் தூக்கில போட்டுட்டு நான் இந்த நாற்காலியில உட்கார முடியாது மச்சான்."

புதன்கிழமை பகலில் வக்கீல் அறையில் கூடினார்கள். வக்கீல், மகள், அவள் கணவன், சிறை வார்டர். குழந்தை அப்பாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஸ்டூடியோக்காரர் படம் வைத்த உறையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். பேசாமலிருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

மெதுவார் குரலை உயர்த்தாமல் ஆரம்பித்தார். கடைசிச் சாப்பாட்டை எல்லாரும் வயிற்றுக்காகக் கேட்பார்கள், தச்சர் அடுத்தவர் கண்ணுக்காகக் கேட்டார் என்றார். இரண்டாவது தட்டின் படம் வெளியே வரப்போகிறது என்று மகள் சொன்னதும் அவருக்குப் பகீரென்றது. அந்தத் தட்டு எப்படி இருந்தது என்று நேரில் பார்த்தவர் அவர். யாராவது தன் வாயைத் திறந்து பார்த்துவிட்டால் பொய் உடைந்துவிடும். எலும்பு கடிக்கிற ஆள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும், அதற்காகக் கேட்டார். கொண்டுவந்து வைத்துவிட்டால் கடிக்க முடியாதே என்ற பயம் அவருக்கு இல்லை.

"எலும்பு உள்ளே வராதுன்னு அவருக்குத் தெரியும். பக்கத்து அறைக்காரன் மீனுக்குச் சண்டை போட்டப்பவே தெரியும். கிடைக்காதுன்னு தெரிஞ்சேதான் கேட்டார். கேட்டேன்னு பேர் இருந்தா போதும் அவருக்கு."

வார்டர் வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வக்கீல், அப்படியானால் அந்த நாற்காலியில் சாப்பிட்டது யார் என்றார்.

மெதுவார் வக்கீலைப் பார்க்கவில்லை. கணவன் பக்கம் திரும்பினார்.

"பொண்ணு பொறந்திருக்கான்னு உங்களுக்கு யாரு தம்பி சொன்னது?"

"மாமாதான்," என்றான் அவன், உடனே.

"எங்கே வெச்சு?"

அவன் குனிந்து குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டான். மெதுவாரே சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மரக்கடைக்காரர் வீட்டுக்குப் போனேன், வழியில் ஒருத்தரையும் பார்க்கவில்லை என்கிறார் தச்சர். அங்கிருந்து அவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மாப்பிள்ளையிடம் சொல்லப் போனவர் மாப்பிள்ளையை வேறெங்கும் பார்க்கவில்லை, ஆனாலும் சேதி மாப்பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்படியென்றால் இரண்டு பேரும் சந்தித்த இடம் ஒன்றுதான் இருக்க முடியும்.

மகள் ஒன்றும் புரியாதவள் போல மெதுவாரைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். "என்ன சார் சொல்றீங்க?" என்றாள். மெதுவார் கையை நீட்டினார். ஸ்டூடியோக்காரர் உறையிலிருந்து படத்தை உருவி மேஜைமேல் வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கணவன் படத்தைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் அந்த அடுக்கைத் தொட்டாள், ஏதோ ஒட்டியிருப்பதைத் துடைக்கிறவள் மாதிரி.

"இந்தத் தட்டை நான் தினமும் கழுவறேன்," என்றாள்.

அதற்குப் பிறகு அவன் மறைக்கவில்லை. இரண்டு வருஷமாக மென்று முழுங்கியதெல்லாம் ஒரேயடியாக வந்தது. பட்டறைக்கு மரம் எடுக்கப் போகிற சாக்கில் மரக்கடையிலிருந்து மரத்தைத் திருட்டுத்தனமாக எடுத்து விற்றிருக்கிறான். மரக்கடைக்காரர் கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை, போலீஸுக்குப் போகவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டார். சாப்பிட்டு முடித்ததும், நாளைக்கு உன் மாமனாரிடம் நானே சொல்லிவிடுகிறேன், அவர் உன்னைத் திருத்துவார் என்றார். இவன் கெஞ்சினான். அவர் அசையவில்லை. மாமனார் பட்டறையில் வேலை முடிந்து வந்த கையோடு கொட்டாப்புளி பையில் இருந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நிமிஷம்தான், இவன் இங்கே சாப்பிட வந்தது தெரிந்த மாமனார், மூச்சிரைக்க, சிரித்துக்கொண்டே, வாசலில் வந்து நின்றார்.

"கொட்டாப்புளியை என் கையிலேர்ந்து வாங்கினார். பொண்ணு பொறந்திருக்கா, போய்ப் பாரு, இதை நான் பார்த்துக்கறேன்னார். பின்வாசலைக் காட்டினார். நான் போயிட்டேன்." அவன் குழந்தையை இறுக்கிக்கொண்டான். "போயிட்டேன் மாமா," என்றான், தச்சர் எதிரில் நிற்பது போல.

அவள் எழுந்து வந்து, அவன் மடியிலிருந்த குழந்தையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். வக்கீல் தொலைபேசியை எடுத்தார். ஸ்டூடியோக்காரர் சுவரைப் பார்த்தபடியே நின்று, வெட்கமில்லாமல் அழுதார்.

தூக்கு நிறுத்தப்பட்டது. ஆனால் கோர்ட்டுக் காகிதம் வந்து கதவு திறக்க இன்னும் சில நாள் ஆகும் என்றார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் மெதுவாரும் ஸ்டூடியோக்காரரும் மகளோடு சிறைக்குப் போனார்கள். வார்டரே முன்னால் நடந்து கூட்டிக்கொண்டு போனார்.

சமையல்கட்டுக்குச் சேதி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. கேட்ட சாப்பாடு கேட்ட நாளில் வந்துவிட்டிருந்தது. எலும்பை உருவின கறி, தொடப்படாமல் தட்டில் ஆறிக்கிடந்தது. தச்சர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். உயிர் திரும்பக் கிடைத்த மனிதர் மாதிரியே இல்லை. கட்டின வீடு கண்ணெதிரே சரிந்துபோன மாதிரி இருந்தார்.

"எதுக்கும்மா தோண்டினே?" என்றார். "எல்லாம் நாளைக்கு முடிஞ்சிருக்கும். நீ, அவன், குழந்தை, மூணு பேரும் நல்லா இருந்திருப்பீங்களே."

"நீங்க இல்லாம நாங்க எப்படிப்பா நல்லா இருப்போம்?"

வார்டர் விதியை ஒருநாள் ஒதுக்கி வைத்துவிட்டு அறையைத் திறந்துவிட்டார். அவள் உள்ளே போய் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். தூக்குச்சட்டியைத் திறந்தாள். பாலில் ஊறின ரொட்டி. ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். அவர் வழக்கம்போல் கையால் வாயை மறைத்தார். அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இனிமே யாருக்குப்பா மறைக்கணும்? எல்லாருக்கும்தான் தெரிஞ்சுபோச்சே. வாயைத் திறங்க."

அவர் திறந்தார். ஸ்டூடியோக்காரர் பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தார், இருந்தாலும் பார்த்துவிட்டார். முன்னால் நாலு பல். உள்ளே வெறும் ஈறு. இதை அன்றைக்கே ஒரே ஒருத்தர் எட்டிப் பார்த்திருந்தால் போதும் என்று தோன்றியது. மெதுவாரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

தச்சர் ரொட்டியை ஈறால் மெல்ல மென்றார். கண்ணிலிருந்து வழிந்தது தாடையில் சொட்டியது. விழுங்கிவிட்டு மகளைப் பார்த்தார்.

"அப்பா எங்கேன்னு குழந்தை கேட்பாளே. என்னம்மா சொல்வே?"

அவள் தூக்குச்சட்டியில் மிதந்த அடுத்த துண்டைப் பாலில் அமிழ்த்தி, நன்றாக ஊறட்டும் என்று காத்திருந்தாள்.